மயக்கம் கொடுக்க மாட்டேன் என்ற டாக்டரம்மா

அன்று காலை பன் வண்டி வந்து போன சற்று நேரத்தில், எதிர் ஆஸ்பத்திரி வாட்ச்மேன் ரோட்டைக் கடந்து என் டீக்கடைக்கு வந்தான். முகம் சரியில்லை. என் வாய் சும்மா இருக்குமா?

"என்னாப்பா, காலங்காத்தால மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு வர? வூட்ல அடியா?"

"மயக்கம்மா போயிட்டாங்க பெரிசு."

"எங்க, பெங்களூருக்கா? மவ வூட்டுக்கா?"

அவன் டீகூடக் கேட்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ராத்திரி படுத்த டாக்டர் வேதவல்லி அம்மா காலையில் எழுந்திருக்கவில்லையாம்.

மதியத்துக்குள் ஆஸ்பத்திரிச் சுவரில் போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். 'மீளாத் துயிலில் ஆழ்ந்த எங்கள் டாக்டர்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. போஸ்டர் அடித்த தம்பிகளே, அந்த அம்மா உயிரோடு இருந்திருந்தால் அதைக் கிழித்து உங்கள் கையிலேயே கொடுத்திருப்பார். முப்பது வருடமாக மயக்க மருந்து டாக்டராக இருந்தவர் அவர். யாராவது 'தூங்க வைக்கிற டாக்டர்' என்று சொன்னால் போதும், கண்ணாடியைக் கழற்றிவிடுவார். "தூக்கம் வேற, மயக்கம் வேறங்ணா. தூங்கறவன தட்டுனா எழுந்திரிப்பான். மயக்கத்துல இருக்கறவனுக்கு மூச்சு வுடறதுகூட மறந்து போவும். அத அவனுக்குப் பதிலா யாராவது ஞாபகம் வெச்சிக்கணும்."

நினைவுக் கூட்டத்துக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று தலைமை நர்சம்மா கேட்டார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இங்கிலீஷில் எழுத வேண்டியதையெல்லாம் டாக்டர்கள் எழுதட்டும். எனக்குத் தெரிந்தது கடை பெஞ்சில் நடந்தது. அதைத்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் நர்சம்மா திருத்திக்கொள்ளட்டும், கேட்டது அவர்தானே.

டாக்டரம்மா வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அவரை ஒரு டாக்டராகவே மதிக்கவில்லை. ஆபரேஷன் முடிந்தால் ஜனங்கள் அறுவை டாக்டருக்குத்தான் ஆப்பிள் வாங்கி வருவார்கள், மாலை போடுவார்கள். இந்த அம்மா பக்கத்து வாசல் வழியாக வந்து, என் கடையில் தனியாக நின்று டீ குடித்துவிட்டுப் போவார். ஒரு நாள் சீண்டிப் பார்த்தேன்.

"ஏங்கம்மா, ஒரு ஊசிய போட்டுட்டு, அப்புறம் ஆபரேஷன் முடியற வரைக்கும் சும்மா உக்காந்திருப்பீங்களாமே? நல்ல உத்தியோகம்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "ஆமாங்ணா. தொப்பூர் கணவாய்ல பஸ்ஸு எறங்கறப்ப டிரைவரு சும்மா உக்காந்துதான் வர்றாரு. எழுந்து போயி வெத்தல போட்டுட்டு வரச் சொல்லுங்க பாக்கலாம்."

பெஞ்சில் இருந்த லாரிக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான். அன்றிலிருந்து எனக்கு அவரைப் பிடித்துப்போனது. 'மயக்கம்மா' என்று பெயர் வைத்ததும் நான்தான். அவர் முதுகுக்குப் பின்னால் சொன்ன பெயர், ஊரெல்லாம் பரவி, அவர் வீட்டு கேஸ் சிலிண்டர்காரன் வாசலில் நின்று கூப்பிடுகிற அளவுக்குப் போனது. அவருக்கு யார் வைத்தது என்றும் தெரியும்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. நாளைக்கு ஒரு குழந்தைக்கு ஆபரேஷன் என்றால், இன்று சாயங்காலம் அந்தக் குழந்தையையும் பெற்றவர்களையும் ரோட்டைக் கடந்து என் கடைக்குக் கூட்டி வருவார். குழந்தைக்கு ஒரு பன்னும் டம்ளரில் தண்ணீரும் கொடுக்கச் சொல்வார். எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். குழந்தைகள் மேல் பாசம் என்று நினைத்து, "நீங்களும் ஒரு பன்னு சாப்புடுங்களேன்" என்றேன் ஒரு தடவை.

"நான் சாப்புட வரல. இது சாப்புடறத பாக்க வந்தன்."

வார்டில் குழந்தைகள் வெள்ளைக் கோட்டைக் கண்டதும் வாயை மூடிக்கொள்ளும். வாயை மூடிய குழந்தையின் தொண்டை எதையும் சொல்லாது என்பார். கடையில் என்றால் கடிக்கும், விழுங்கும், ஓடும், கத்தும். அதில்தான் அவர் வேலை ஆரம்பிக்கும். இதில் எனக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தார். "அண்ணா, இவன ஒரு தடவ சிரிக்க வைங்க. அப்புறம் ஒரு தடவ அழ வைங்க."

எனக்குப் பிடித்த வேலை இந்த இரண்டும்தான். மூக்கில் டம்ளரை நிறுத்திக் காட்டுவேன், குழந்தை சிரிக்கும். சாப்பிட்டுக்கொண்டிருக்கிற பன்னைப் பிடுங்கிக்கொள்வேன், ஊரே கேட்கிற மாதிரி அழும். அந்த அம்மா தலையைச் சாய்த்து, குழந்தை மூச்சை இழுக்கிறபோது வருகிற சத்தத்தையும் விடுகிறபோது வருகிற சத்தத்தையும் கேட்பார். பிறகு இரண்டு பன்னாகத் திருப்பிக் கொடுப்பேன். ஆனால் அதற்குள் தாய்மார்கள் என்னை ஒரு வழி பண்ணிவிடுவார்கள். காரிமங்கலத்துக்காரி ஒருத்தி, "பச்சப் புள்ள வாயில இருக்கறத புடுங்கறயே, இந்த வயசுல இது ஒரு பொழப்பா?" என்று சந்தைக் கூடையைத் தூக்கிவிட்டாள். அந்த அம்மா காப்பாற்றவே இல்லை. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஒரு நாள் கடையில் கூட்டம் இல்லாதபோது கேட்டேன், தொண்டையில் அப்படி என்னதான் தேடுகிறீர்கள் என்று. தன் சுண்டு விரலை நீட்டிக் காட்டினார்.

"சின்னக் கொழந்தைக்கு மூச்சுக் கொழா இவ்ளோதாங்ணா இருக்கும். முக்காவாசிப் பேருக்கு ஒரு கொறையும் இருக்காது. எப்பவோ ஒண்ணு, பொறக்கறப்பவே உள்ள ஒரு கோளாறோட பொறந்துரும். ஒண்ணுக்கு கொழாக்குள்ள தெர கட்டுன மாதிரி ஒரு சவ்வு இருக்கும். ஒண்ணுக்கு கொழாயே தொவண்டு போயி இருக்கும். வெளிய பாத்தா தெரியாது. முழிச்சிருக்கறப்ப அது கழுத்த திருப்பி, தலய தூக்கி, எப்பிடியோ சமாளிச்சிக்கும். நான் மயக்கம் குடுத்தன்னா, சமாளிக்கறதுக்கு உள்ள ஆளு இல்ல. அப்ப போயி கண்டுபுடிக்கறத வுட, முன்னாடியே உங்க பன்னுல கண்டுபுடிச்சிட்டா நல்லது."

வருடக்கணக்காக அவர் அப்படிப் பார்த்தும், ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்றே போய்க்கொண்டிருந்தது. "நீங்க தேடற ஆளு இந்த ஜில்லாவுலயே இல்ல போல" என்று நானும் கிண்டல் செய்தேன். "இல்லாம இருக்கட்டுமே" என்பார்.

பிறகு சின்னராசு வந்தான். வத்தல்மலைப் பையன், பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயசு. குடலிறக்கத்துக்கு மறுநாள் ஆபரேஷன். அப்பன் அண்ணாமலை கூட வந்திருந்தான். மலையில் சாமை அறுப்பு நேரம், பெண்டாட்டியைக் காட்டு வேலையில் விட்டுவிட்டு வந்தவன், எப்போது திரும்புவோம் என்று உட்காராமலே நின்றுகொண்டிருந்தான்.

பையன் பன்னைக் கிள்ளிக் கிள்ளித் தின்றான். ஒரு வாய் விழுங்குவான், தலையைப் பின்னால் தூக்குவான். ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பான், மறுபடி முகத்தை வானத்துக்குத் தூக்கிக் கொஞ்ச நேரம் நிறுத்துவான். கோழி தண்ணீர் குடிப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அச்சு அசல் அது.

"கோழிங்க இவன்" என்று அண்ணாமலையே சிரித்தான். "எங்கூர்ல பேர் சொன்னா யாருக்கும் தெரியாது. கோழின்னாத்தான் தெரியும். பொறந்ததுல இருந்தே இப்பிடித்தான்."

நான் கொக்கரித்துக் காட்டினேன். பையனும் சிரித்தான். சிரித்தபோது இருமல் வந்தது, வெண்கலத் தட்டைத் தட்டுகிற மாதிரி ஒரு இருமல். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"களி சாப்புடுவானாங்க?"

"களி எறங்காதுங்க. கஞ்சிதான். கெட்டியா குடுத்தா கக்கிருவான்."

"தூங்கறப்ப?"

"தலய பின்னால தொங்கப் போட்டுக்குவான். கொர்ருகொர்ருன்னு ஒரே சத்தம். எங்கப்பாரும் அப்பிடித்தான் கொறட்ட வுடுவாரு. அவரேதான் வந்து பொறந்திருக்காருன்னு இவன் ஆத்தா சொல்லும்."

குறட்டைக்கும் இருமலுக்கும் மலைப் பனியைக் காரணம் சொல்லி, சளி மருந்து வாங்கி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பையனை ரோட்டோர வேப்பமரம் வரை ஓடித் திரும்பச் சொன்னார் அம்மா. ஓடி வந்தவனின் முதுகில் காதை வைத்துக் கேட்டார். எனக்கே கேட்டது. இழுக்கும்போதும் சத்தம், விடும்போதும் சத்தம்.

"நாளைக்கு நான் மயக்கம் குடுக்க மாட்டன்" என்று எழுந்தார்.

தகவல் போய் அறுவை டாக்டரே கடைக்கு வந்துவிட்டார். அப்போது சின்னப் பிள்ளை அவர், நல்ல மனிதர், அவசரக்காரர். "எக்ஸ்ரே நல்லாத்தானே மேடம் இருக்குது? அரை மணி நேர வேலை."

"உங்களுக்கு அரை மணி. உள்ள மூச்சு ட்யூப் எறங்கலன்னா எனக்கு அவ்ளோ நேரம் கெடைக்காது டாக்டர். நெஞ்சு ஸ்கேன் எடுக்காம இவன தொட மாட்டன். சென்னைக்கு அனுப்பணும்."

சென்னை என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணாமலைக்கு முகம் சிவந்தது. "ஏங்க, குடலு எறங்கிக் கெடக்குது கீழ. நீங்க கழுத்தயும் நெஞ்சயும் பாக்கறீங்க. உங்களுக்கு பயமா இருந்தா வுட்ருங்க. சாம அறுப்ப முடிச்சிட்டு வேற ஊர்ல போயி செஞ்சிக்கறன்." பையனைத் தூக்கித் தோளில் போட்டான். பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்துவிட்டான்.

அறுவை டாக்டர் தோளைக் குலுக்கினார். அந்த அம்மா அசையாமல் நின்றார். "வேற ஊர்லன்னு சொல்றான்ணா" என்றார் என்னிடம், மெதுவாக. "அங்க யாரும் இவன் தண்ணி குடிக்கறத பாக்க மாட்டாங்க. நேரா டேபிள்ள படுக்க வெச்சிருவாங்க."

சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். அன்றைய கேஸ்கள் முடிந்திருந்தாலும் ஆபரேஷன் தியேட்டரின் பச்சை உடுப்பைக்கூட மாற்றியிருக்கவில்லை, தலையில் அந்தக் குல்லா வேறு. ஊரே வேடிக்கை பார்க்க, பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்து வத்தல்மலை பஸ்ஸில் ஏறி, அண்ணாமலை பக்கத்தில் உட்கார்ந்தார். நானும் கடையை அப்படியே போட்டுவிட்டு ஏறினேன். ஏன் ஏறினேன் என்று கேட்காதீர்கள். அவர் தனியாகப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கண்டக்டர் குல்லாவைப் பார்த்து மிரண்டுபோனார். "மலைக்காங்கம்மா?"

"இவரு எறங்கலன்னா மலைக்குத்தான்."

பஸ் கிளம்பிவிட்டது. அண்ணாமலை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஊர் தாண்டியது. பையன் அந்த அம்மாவின் குல்லாவைப் பிடித்து இழுத்தான். கழற்றி அவன் தலையில் மாட்டிவிட்டார். பிறகு, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி ஆரம்பித்தார்.

"எனக்கும் பயந்தாங்க. நீங்க சொன்னது சரிதான். இவன் நெஞ்சுக்குள்ள ரத்தக் கொழா ஒண்ணு, போற வழியா போவாம, மூச்சுக் கொழாயயும் சோத்துக் கொழாயயும் சேத்து சுத்திக்கிட்டு இருக்குதுன்னு எனக்குத் தோணுது. பொறவியிலயே அமைஞ்சது. யார் தப்பும் இல்ல. அதனாலதான் களி எறங்கல, அதனாலதான் தலய தூக்கறான்."

நான் வாயைத் திறக்கப் போனேன், அந்த அம்மா என் காலை மிதித்தார்.

ஜன்னலைப் பார்த்தபடியே அண்ணாமலை கேட்டான்: "ஆட்டுக்குட்டிக்கு கட்டுன கவுறு மாதிரிங்களா? குட்டியில கட்டிட்டு, மாத்த மறந்துட்டம்னா, ஆடு பெருத்துரும். கவுறு அப்பிடியே இருக்கும். சதயில பதிஞ்சிரும்."

"அதேதாங்க. இவன் வளர வளர அது இறுக்கும்."

"நாளைக்கு மயக்கம் குடுத்திருந்தா?"

"கொழா தொவண்டுரும். கவுறு தளராது. நான் ட்யூப் போடுவன். அது கவுறுகிட்டயே நின்னுட்டா, அப்புறம் எனக்கு வழி தெரியாதுங்க."

அவன் பையனைப் பார்த்தான். பச்சைக் குல்லாவோடு பையன் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து, சத்தத்தோடு தூங்கிப்போயிருந்தான். அந்தச் சத்தத்தை அவன் அதற்கு முன் ஆயிரம் தடவை கேட்டிருப்பான். அன்று கேட்ட மாதிரி கேட்டிருக்க மாட்டான். எழுந்து கத்தினான்: "கண்டக்டரு, நிறுத்துங்க! எறங்கணும்!"

நடு ரோட்டில் இறங்கினோம். திரும்ப பஸ் கிடையாது. தக்காளிக் கூடை ஏற்றிய டெம்போ ஒன்று வந்தது. மாவட்டத்தின் பெரிய மயக்க டாக்டர் தக்காளிக் கூடைமேல் உட்கார்ந்து ஊர் திரும்பியதை உங்களில் எத்தனை பேர் பார்த்தீர்கள்? நான் பார்த்தேன். வழியில் அவர் காதருகே கேட்டேன், "ஏங்கம்மா, ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னு வந்துட்டா? இந்த ஆளு அறுவாளோட வருவான்."

"ஒண்ணும் இல்லன்னா நல்லதுதாங்ணா. என்ன பைத்தியக்காரின்னு சொல்லிட்டுப் போவட்டும். பையன் இருப்பான் இல்ல?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் ஊர் வரும்வரை பையன் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை.

சென்னையில் ஸ்கேன் எடுத்தார்கள். அவர் சொன்னது அப்படியே இருந்தது. அங்கேயே நெஞ்சைத் திறந்து, சுற்றியிருந்த ரத்தக் குழாயைப் பிரித்துவிட்டார்கள். இந்தச் சேதியை ரோட்டைக் கடந்து ஓடிவந்து சொன்னவர், தோளைக் குலுக்கிய அதே அறுவை டாக்டர்தான். அந்த அம்மா எழுந்து கடைக்குப் பின்னால் போனார். பாத்திரம் கழுவுகிற குழாயில் முகம் கழுவினார், வெகுநேரம் கழுவினார். திரும்பி வந்து, "டீயில என்னாங்ணா இன்னிக்கு சக்கரயே இல்ல?" என்று என்னைத் திட்டினார்.

அதற்குப் பிறகு குடலிறக்க ஆபரேஷன் இங்கேயே நடந்தது. மயக்கம் கொடுத்தது அவர்தான். முந்தின நாள் சாயங்காலம் வழக்கம்போல் பன்னும் தண்ணீரும். இருமலில் அந்த வெண்கலச் சத்தம் இன்னும் கொஞ்சம் இருந்தது. "அமுங்கிக் கெடந்த கொழா, நிமிர நாளாவும்" என்றார். பையன் பன்னை முழுசாகக் கடித்தான். டம்ளரை வாயில் கவிழ்த்தான். ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கீழே வைத்தான். தலை மேலே போகவே இல்லை. அண்ணாமலை துண்டை வாயில் வைத்துக்கொண்டான். நான் டம்ளரை இன்னொரு தடவை நிரப்பினேன்.

சாவு வீட்டுக்கு நான் போனபோது ஒன்று கவனித்தேன். டாக்டர்கள், நர்சுகள், சொந்தக்காரர்கள் என்று கூட்டம் இருந்தது. வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் மிகக் குறைவு. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அவர்கள் மயக்கத்தில் அல்லவா இருந்தார்கள், முகம் எப்படித் தெரியும்? ஆனால் அண்ணாமலை வந்திருந்தான். அவன் பக்கத்தில் அவனைவிட உயரமாக, மீசை அரும்பிய சின்னராசு. பையன், உடலை எடுக்கிற நேரத்தில் வாய்விட்டு அழுதான். நான் அவனுக்குப் பின்னால்தான் நின்றேன். இழுத்த மூச்சிலும் சத்தம் இல்லை, விட்ட மூச்சிலும் சத்தம் இல்லை. அவ்வளவு சுத்தமான அழுகை. சுற்றி எல்லோரும் அழுதுகொண்டிருக்க, நான் மட்டும் தலையைச் சாய்த்து அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

எனக்கென்று அவர் விட்டுப்போனதைச் சொல்லி முடிக்கிறேன். யார் குழந்தையானாலும் சரி, என் கடையில் டம்ளரைக் கையில் எடுத்தால் அதைக் கீழே வைக்கும்வரை என்னால் கண்ணை எடுக்க முடிவதில்லை. நேற்றும் அப்படித்தான். "யோவ் பெரிசு, பால் பொங்குது, அங்க என்னா வேடிக்க?" என்று பெஞ்சில் இருந்து கத்தினார்கள். கத்தட்டும். குழந்தை இன்னும் குடித்து முடிக்கவில்லை.